முதல் கான்செர்ட்டோ: கேள்வி பதில்

கேள்வி: மொசார்ட்டின் டி மைனர் பியானோ கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனிக்கலைஞர் வாசிக்கும் படைப்பு; பட்டியல் எண் கே. 466) வாசிக்கப் போகிறேன். தனியாக நன்றாக வருகிறது. முதல் ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ராவோடு தடுமாறிவிட்டேன்.

பதில்: உங்கள் பகுதி மட்டும் உங்களுக்குத் தெரிகிறது. முழு ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் உள்ள இசைத்தாளை, வாங்கிப் படியுங்கள். இதில் பியானோ நுழையும் முன் 2 நிமிடத்துக்கும் மேல் ஆர்கெஸ்ட்ராதான் வாசிக்கிறது. அதன் கீழ்ச்சுர வரியைப் பாடத் தெரிந்தால் நுழையும் இடம் தானாக வரும். வேகத்தைக் கண்டக்டரிடம் (ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவரிடம்) முன்பே பாடிக் காட்டுங்கள். அப்புறம், இன்னொரு பியானோவில் ஒருவரை ஆர்கெஸ்ட்ரா பகுதியை வாசிக்கச் சொல்லிப் பழகுங்கள். பதிவோடு பழகாதீர்கள். அது உங்களுக்காகக் காத்திருக்காது, நீங்கள்தான் அதன் பின்னால் ஓடுவீர்கள். மேடையில் கண்டக்டரும் உங்களைப் பின்தொடர்வார். இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்தால் வேகம் இறங்கிக்கொண்டே போகும்.

கேள்வி: கடென்ஸாவை (ஆர்கெஸ்ட்ரா நிற்க, பியானோ மட்டும் தனியாக வாசிக்கும் இடத்தை) நானே எழுதலாமா?

பதில்: தாராளமாக. இதற்கு மொசார்ட் எழுதியது கிடைக்கவில்லை. பலர் பெத்தோவன் எழுதியதை வாசிக்கிறார்கள். எதுவானாலும் கண்டக்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பெரும்பாலும் கடைசி டிரில்தான் (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) ஆர்கெஸ்ட்ராவுக்குச் சைகை, அதை அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: வயலின் கம்பிகளை எப்போது மாற்றுவது?

பதில்: நான் பியானோ வாசிப்பவன். உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: மனப்பாடமாகத்தான் வாசிக்க வேண்டுமா?

பதில்: இல்லை. அது 19-ஆம் நூற்றாண்டில் லிஸ்ட், கிளாரா ஷூமன் போன்ற பியானோ கலைஞர்களால் பரவிய பழக்கம்.

கேள்வி: ஸ்கோர் வைத்தால் தயாராகவில்லை என்றல்லவா நினைப்பார்கள்?

பதில்: புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர் தன் கடைசி ஆண்டுகளில் ஸ்கோர் வைத்துத்தான் வாசித்தார். அவர் தயாராகவில்லை என்று யார் சொல்வார்கள்?

கேள்வி: ஆனால் கண் தாளில் இருந்தால் கண்டக்டரை எப்படிப் பார்ப்பது?

பதில்: இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஸ்கோர் இருந்தாலும் ஆர்கெஸ்ட்ராவோடு சேரும் இடங்களை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். அங்கே தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

கேள்வி: தினமும் யூடியூப் பதிவோடு வாசிக்கிறேன். போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பதிவின் வேகத்தைக் குறைத்துக்கொண்டால்?

பதில்: குறைத்தாலும் அது பதிவுதான். வேண்டாம்.

கேள்வி: கை நடுக்கத்துக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும்) மாத்திரை எடுக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

கேள்வி: நடுவில் மறந்துபோனால்?

பதில்: திரும்பிப் போகாதீர்கள், ஆர்கெஸ்ட்ரா உங்களோடு திரும்பி வராது. கான்செர்ட்டோவின் ஒவ்வொரு பாகத்திலும் ஐந்தாறு இடங்களைக் குறித்துவைத்து, அங்கிருந்து தொடங்கி வாசித்துப் பழகுங்கள். தடுமாறினால் கையை எடுத்துவிட்டுக் காது கொடுங்கள். குறித்த அடுத்த இடம் வந்ததும் சேர்ந்துகொள்ளுங்கள்.