வீட்டிலேயே கிட் கார் கட்டும்போது வரும் இயந்திரக் கோளாறுகளை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்?

இங்கிலாந்தில் தம் வீட்டுக் கேராஜில் லோட்டஸ் செவன் வடிவிலான கிட் கார் (பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் கார்) ஒன்றைக் கட்டிவருவதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேசிஸில் ஏறிவிட்டன. ஆனால் பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்குகிறது, ரிவர்ஸ் கியர் போட்டால் கரகரவென்று அரைபடுகிறது, கிட்டுடன் வந்த கையேட்டில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது அவருடைய கவலை.

நானும் இதே நாட்டில், இதே வகைக் காரை, வார இறுதிகளில் மட்டும் வேலை செய்து மூன்றரை ஆண்டுகளில் கட்டி முடித்தவன். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை இரண்டாம் கை விலைக்கு வாங்கி, அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப்பரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி), சக்கர ஹப்புகள், பிரேக்குகள் ஆகியவற்றைக் கழற்றி, கிட் நிறுவனம் தந்த எஃகுக் குழாய்ச் சேசிஸில் பொருத்தினேன். 1957-இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்த நாளிலிருந்தே வீட்டில் பூட்டி எடுப்பதற்கென்று விற்கப்பட்ட வடிவம் இது. 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போன பிறகும், அதே அமைப்பைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் கிட்டுகளைச் செய்துவருகின்றன. ஆகவே உங்களுக்கு வந்திருக்கும் கோளாறுகள் புதியவை அல்ல. பலர் இவற்றைக் கண்டு தீர்த்திருக்கிறார்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாஸ்டாவில் இருந்தபோது அந்த பிரேக் வேலை செய்தது, அந்த கிளட்ச் வேலை செய்தது. அவற்றைக் கழற்றி வேறொரு சேசிஸில் வைத்த பிறகு கோளாறு வந்தால், பாகம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் புதிது வாங்குவதற்கு முன்னால், இரண்டு வேறு ஊர்ப் பாகங்கள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டுச் சிக்கல்கள் அங்கேதான் இருந்தன. மாஸ்டாவின் பொறியாளர்கள் அந்தப் பாகங்களுக்கு இடையே இருக்க வேண்டிய கோணத்தையும் நீளத்தையும் தீர்மானித்து வைத்திருந்தார்கள்; நாம் அவற்றைப் பிரித்த கணத்தில் அந்தத் தீர்மானங்கள் எல்லாம் நம் பொறுப்பாகிவிட்டன.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். என் காரிலும் பெடல் பஞ்சாகத்தான் இருந்தது. என் மகள் சேசிஸுக்குள் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பெடலை அழுத்திப் பிடிப்பாள். நான் கீழே படுத்து பிளீட் நிப்பிளை (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் திருகுமுனை) திறந்து மூடுவேன். இரண்டு சனிக்கிழமைகள் அப்படியே போயின. ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் எண்ணெய் தீர்ந்த பிறகும், "அப்பா, இன்னும் தரைவரைக்கும் போகுது" என்றுதான் அவள் சொன்னாள். மாஸ்டர் சிலிண்டரை (பெடல் அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ளும் உருளை) மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்திருந்த அன்று, விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரக் காலிபரை (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) நேராகப் பார்த்தபோது, நிப்பிள் காலிபரின் அடிப்பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டது. இடது காலிபரும் வலது காலிபரும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருக்கும். நிப்பிள் இருக்கும் இடம் மட்டுமே வேறு. இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தேன். காற்று மேலேதான் போய்த் தங்கும். கீழே இருக்கும் துளை வழியாக எத்தனை லிட்டர் எண்ணெயை ஓட்டினாலும் அது வெளியே வராது. இடம் மாற்றிப் பூட்டிய பிறகு ஐந்தாவது அழுத்தலிலேயே பெடல் கல்போல நின்றது.

பிரேக் விஷயத்தில் இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. மாஸ்டாவின் பிரேக் குழாய் நட்டுகள் எம் 10, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மரை கொண்டவை. கிட்டுடன் வரும் மாஸ்டர் சிலிண்டரோ மூன்று வழி இணைப்போ அங்குல அளவில், எட்டில் மூன்று அங்குல யுஎன்எஃப் மரையில், அதாவது 3/8 அளவில் இருக்கக்கூடும். அதன் விட்டம் 9.525 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரைகள், அப்படியென்றால் இடைவெளி ஏறக்குறைய 1.06 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் சுலபமாகப் போய்விடும், ஸ்பேனருக்கு இறுகுவதுபோலவும் தோன்றும். ஆனால் மரையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால், அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்கும் ஒரு நாளில் பிடுங்கிக்கொள்ளும். கையால் திருகும்போது நட்டு லேசாக ஆடினால் அங்கேயே நிறுத்திவிட்டு, மரை அளவுகோலை வைத்துப் பாருங்கள். அந்த அளவுகோலின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது.

இனி உங்கள் ரிவர்ஸ் கியர். பல கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களுக்கு இருப்பதுபோல, பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் ஒத்திசைவு வளையம் ரிவர்ஸுக்கு இருப்பதில்லை. ஆகவே கிளட்ச் முழுமையாக விலகாவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்று, பாகங்களைக் கழற்றிய பழைய கார் நெடுநாள் நின்றதால் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டு, அல்லது தள்ளுதண்டின் நகர்வு போதாமை. இவற்றைப் பிரித்தறிய எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடல் தள்ளும் எண்ணெயை வாங்கி கிளட்சை விலக்கும் உருளை) தண்டில் ஒரு கோடு போட்டு, ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி, தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். தண்டு நன்றாக நகர்ந்தும் கிளட்ச் விலகாவிட்டால் கோளாறு உள்ளே. தண்டே நகராவிட்டால் கோளாறு வெளியே.

எனக்கு எட்டு மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. காற்று இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கிட்டின் பெடல் தொகுதியைப் பார்த்தேன். அதிலிருந்த கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் துளை 5/8 அங்குலம், அதாவது 15.9 மில்லிமீட்டர். அதை 3/4 அங்குலத் துளைக்கு மாற்றினால், விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பரப்பு 44 சதவீதம் கூடும். அதே பெடல் நகர்வில் தள்ளப்படும் எண்ணெயும் அவ்வளவே கூடும். எட்டு, பதினொன்றரை ஆனது; அரைபடும் சத்தம் அன்றோடு நின்றது. பெடல் அதே விகிதத்தில் கனத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எண்ணெயின் கணக்கில் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. கூடவே, பெடலை மிதிக்கும்போது அது பூட்டப்பட்டிருக்கும் தகடு வளைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடு மூன்று மில்லிமீட்டர் வளைந்தால், அந்த மூன்றும் உங்கள் தண்டிலிருந்து திருடப்பட்டவைதான்.

இவை முடிந்தபின் முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். என் ஸ்டார்ட்டர் மோட்டார் மிக மெதுவாகச் சுற்றியது. ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுட்டது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது, சேசிஸ் முழுக்கப் பவுடர் கோட்டிங் பூசியிருக்கிறது, உடலோ ஃபைபர்கிளாஸ். எர்த் பட்டை பூச்சின் மேலேயே பூட்டப்பட்டிருந்ததால், மின்சாரம் திரும்பிப் போக அந்த மெல்லிய கேபிளைத்தான் வழியாக எடுத்துக்கொண்டது. பூச்சைச் சுரண்டி வெறும் எஃகில் பட்டையைப் பூட்டியதும் சரியானது.

சூடேறும் சிக்கலும் வரும். செவன் வடிவத்தின் மூக்கு தாழ்வானது என்பதால் ரேடியேட்டர் எஞ்சின் தலையைவிடக் கீழே போய்விடுகிறது. ஹீட்டரையும் நீக்கிவிட்டால் காற்று போக வழியே இல்லாமல் சிலிண்டர் ஹெட்டின் மேல்பகுதியில் அடைபடும். விரிவுத் தொட்டியை எஞ்சினின் மிக உயர்ந்த நீர் இடத்துக்கும் மேலே வைத்து, அங்கிருந்து ஒரு சிறு குழாயைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். நீர் நிரப்பும்போது மூக்கை ஜாக்கியில் தூக்கிக்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் வரும் புஷ்களை (ரப்பர் உறைகள்) இறுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் உள்ளும் புறமும் ஒட்டிய வகை புஷ்களானால், சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்காதீர்கள். காரைத் தரையில் இறக்கி, ஓட்டும்போது இருக்கும் எடையை ஏற்றிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்டே இருந்து, கார் உயரமாக நிற்பதோடு சில மாதங்களில் கிழியவும் செய்யும்.

2009 முதல் இங்கே நடைமுறையில் இருக்கும் தனி வாகன ஒப்புதல் சோதனையில், ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்ப முயல்கிறதா என்று பார்ப்பார்கள். எடை குறைந்த கார்களில் அது எளிதில் வராது. மேல் விஷ்போனின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) பின்பக்க வாஷர்களை முன்பக்கம் மாற்றினால் மேல் மூட்டு பின்னால் நகர்ந்து கேஸ்டர் கோணம், அதாவது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு, கூடும். நான் அப்படித்தான் தேறினேன்.

கடைசியாக என்னை வாட்டியது, பதிவு எண் கிடைத்த பிறகு, மணிக்கு 60 மைலில் இருக்கைக்கு அடியில் எழுந்த அதிர்வு. சக்கரங்களைச் சமநிலைப்படுத்தியும் போகவில்லை. கியர்பாக்ஸை டிஃப்பரென்ஷியலோடு இணைக்கும் தண்டு, கோண மூட்டு வழியே சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை மூட்டு அதே கோணத்தில் எதிராக அமைந்தால் மட்டுமே அந்த ஏற்றத்தாழ்வு கழிந்துபோகும். அதற்கு கியர்பாக்ஸின் அச்சும் டிஃப்பரென்ஷியலின் அச்சும் இணையாக இருக்க வேண்டும். கோணமானியை வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் ஒன்றரை டிகிரி வேறுபாடு இருந்தது. என் டிஃப்பரென்ஷியலின் முன், பின் போல்ட்டுகளுக்கு இடையே 300 மில்லிமீட்டர். ஒன்றரை டிகிரிக்கு எட்டு மில்லிமீட்டர் கணக்கு வந்தது. எட்டு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை முன்பக்கம் வைத்துப் பூட்டினேன். அதே சாலையில், அதே வேகத்தில், கண்ணாடியில் தெரிந்த பின்வண்டியின் எண் பலகையை முதன்முறையாக வாசிக்க முடிந்தது.

உங்கள் கார் கேராஜை விட்டு இன்னும் நகரவில்லை என்பதால், இந்தக் கோணத்தை டிரான்ஸ்மிஷன் சுரங்கத் தகடுகளை (கியர்பாக்ஸையும் தண்டையும் மூடும் தகடுகள்) மூடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். பிறகு ரிவெட்டுகளை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். இந்த வாரம் நிப்பிள்கள் மேலே இருக்கின்றனவா என்று பார்த்து, ஸ்லேவ் தண்டின் நகர்வை அளந்து எழுதுங்கள். அந்த ஓர் எண் கிடைத்தால், மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதைச் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.