நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி

மதிப்பிற்குரிய ஐயா,

மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தும் தங்கள் மகள், ஆராய்ச்சி என்று சொல்லி இருக்கிற வேலையையும் விட்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறீர்கள். ஆராய்ச்சி வேறு, பிஎச்.டி. வேறு என்று பிரித்துப் பார்த்தால் அந்த அச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

என்னைப் பார்க்க வந்தபோது அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது. ‘டிட் நாட் வென்ட்’ என்று மாணவர்கள் எழுதும் பிழையை ‘ஏ’ பிரிவில் சிவப்பு மையால் தாமே திருத்தியும், ‘பி’ பிரிவில் அடிக்கோடு மட்டும் இட்டு மாணவர்களையே திருத்தச் சொல்லியும், அது எத்தனை பேரிடம் திரும்ப வருகிறது என்று ஆறு வாரமாகக் குறித்து வைத்திருக்கிறார். இது ஆராய்ச்சிதானே என்றேன். “இதில் புள்ளியியல் எதுவும் இல்லையே, சார்” என்றார். 13 நாடுகளின் 505 ஆங்கில ஆசிரியர்களிடம் மொழி ஆசிரியர் கல்வி ஆய்வாளர் சைமன் போர்க் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்விலும், புள்ளியியல் இருந்தால்தான் ஆராய்ச்சி என்ற இதே எண்ணம்தான் மேலோங்கியிருந்தது. ஆய்வுகளைப் படிக்காததற்குப் பலரும் சொன்ன காரணம் நேரமின்மை. கட்டுக்கட்டாக நோட்டு திருத்துபவர் வேறென்ன சொல்வார்?

ஆனால் ஆராய்ச்சிக்கு வகுப்பறையே போதும். இலக்கணத்தை நேராகச் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு கணக்கும் விடையும் காணச் செய்தே மொழியைப் படியவைக்க முடியுமா என்று ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை சோதித்த பெங்களூர் திட்டம், பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த சாதாரணப் பள்ளி வகுப்பறைகளில்தான் நடந்தது.

இனி நடைமுறை. பள்ளி நிர்வாகம் தடையில்லாச் சான்று தந்தால், வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்யலாம், குறைந்தது 3 ஆண்டு ஆகும். ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உண்டு, ஆனால் அது முழுநேர ஆய்வுக்கே. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்பதால், வேலைக்காக மட்டும் பிஎச்.டி.க்கு அவசரப்பட வேண்டாம்.

பிஎச்.டி. ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேடும்போதுதான் கவனம் வேண்டும். ஆங்கிலத் துறைகள் பலவற்றில் இலக்கிய ஆய்வே மிகுதி. அந்த நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு நாவலைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்பவரிடம் அவர் பதிவு செய்ய வேண்டாம்.