ஒரு வீட்டின் வாக்குகள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா கடைசிவரை வாக்களித்ததில்லை. நம் குடியிருப்பு பரலோகத்தில், இங்கே யார் ஆண்டால் நமக்கென்ன என்பார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் வந்தபோது எங்கள் சபை நிவாரண வேலையில் இறங்கியது. வீடு இழந்தவர்களின் பட்டியலோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். மனு எழுதவும் அதிகாரியிடம் பேசவும் அப்போதுதான் கற்றேன். வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்களை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று கண்ட என் மகள், வாலிபர் கூட்டத்தோடு சேர்ந்து பெயர் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். இப்போது குடும்ப ஜெபம் முடிந்தால் வேட்பாளர் பேச்சுதான். போதகரும் பெயர் சொல்லாமல் ஒரு கட்சியைச் சுட்டிக்காட்டுகிறார். மகனுக்கு வேறு கருத்து. சென்ற தேர்தலில் யாருக்குப் போட்டாய் என்று என் கணவர் எல்லோர் முன்பும் அவனைக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவன் ஜெபத்துக்கு வருவதில்லை. நாங்கள் விசுவாசத்தில் வளர்ந்திருக்கிறோமா, வழி தவறிவிட்டோமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

நான் ஆராதனைக்குப் போகிறவன் அல்லன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களை யாரும் பிரசங்கம் செய்து அரசியலுக்குள் இழுத்துவரவில்லை. வீடு இழந்தவர்களின் பட்டியல்தான் இழுத்துவந்தது. பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் வருகின்றன. காணிக்கைக் கணக்கை எல்லோர் முன்பும் வாசிப்பது, கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்கி முடிப்பது, வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பது என்று சபை பழக்கும் வேலைகள்தாம் தேர்தல் வேலைக்கும் வேண்டியவை. படிப்போ பதவியோ வாய்க்காத ஒரு பெண் எழுந்து நின்று நாலு பேர் கேட்கப் பேசும் முதல் இடம் பல நேரங்களில் வழிபாட்டுக் கூடம்தான்.

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள், இருக்கையில் காட்டிய நிறப் பாகுபாட்டை எதிர்த்து, பஸ்களைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். 381 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சுகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஜார்ஜியா கில்மோர் முக்கியமானவர். சமையல் வேலை செய்தவர். அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சமைத்தும் கேக் செய்தும் விற்று, பணத்தை வாராந்தரக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டங்கள் நடந்தது தேவாலயங்களில். அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர், 'எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம்'. வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே! பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் சொல்லாமலே சொல்லலாம். அந்தப் பணம் ஆட்களை ஏற்றிச்சென்ற வண்டிகளுக்குப் பயன்பட்டது. தேவாலயங்களின் பெயரில் பதிவான வண்டிகளும் அவற்றில் இருந்தன.

இதைவிட உங்கள் மகளுக்கு நெருக்கமானது தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் நடந்தது. அங்கே அப்போது வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பின மக்களை வெளியே நிறுத்த அது போதும். 1957 ஜனவரியில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் கடை, பின்னால் வகுப்பறை. பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. பெர்னிஸ் ராபின்சன் என்ற ஆசிரியை தொழில்முறை ஆசிரியை அல்லர், அழகுக்கலை நிலையம் நடத்தியவர். வந்தவர்களிடம் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டுத்தான் தொடங்கினார். பைபிள் வாசிக்க வேண்டும், சொந்தப் பெயரை எழுத வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பைபிளுக்காகக் கற்ற அதே எழுத்து வாக்காளர் பதிவுக்கும் உதவியது. அந்த வகுப்பில் இருந்தவர்களிடம் போய், நீங்கள் விசுவாசத்தில் வளர்கிறீர்களா, அரசியலுக்கு நழுவுகிறீர்களா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

உங்கள் அப்பாவையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இன்றும் அரசியலில் நடுநிலை என்று ஒதுங்கியே இருக்கிறார்கள். நாஜி ஜெர்மனியில் சல்யூட் வைக்கவும் ராணுவத்தில் சேரவும் மறுத்து வதைமுகாம்களுக்குப் போனவர்கள் அவர்கள். ஒதுங்கி நிற்பதற்கும் சில நேரம் முதுகெலும்பு வேண்டியிருக்கிறது.

ஆனால் சபையின் தேர்தல் நிலைப்பாட்டை வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள். இத்தாலியில் என்ன நடந்தது? போப்பின் ஆட்சிப்பகுதியில் பெரும்பங்கைப் பறித்து உருவான அந்த நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில் கத்தோலிக்கர் வாக்களிப்பது தகாது என்று 1868-இல் ரோமிலிருந்த திருச்சபைத் தலைமை அறிவுறுத்தியது. 1905-இல் அது தளர்ந்தது, 1919-இல் நீங்கியது. அந்த ஆண்டே லூயிஜி ஸ்துர்ஸோ என்ற பாதிரியார் ஒரு கட்சி தொடங்கினார். 1948 தேர்தலிலோ கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்கக் கத்தோலிக்கக் குழுக்கள் ஊர் ஊராக ஆள் திரட்டின. தாத்தா வாக்களித்தால் தவறு, பேரன் மாற்றிப் போட்டால் தவறு. வேதம் அப்படியேதான் இருந்தது. மாறியதெல்லாம் அதிகாரத்தில் யார் இருந்தார்கள், யார் வரப்போகிறார்கள் என்ற கணக்கு. இன்று உங்கள் போதகர் சுட்டுகிற கட்சியையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், இந்தியாவில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி தேர்தல் முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதமும் அதில் அடங்கும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பிரிவு வேட்பாளரையும், அவருடைய முகவரையும், அவர் சம்மதத்தோடு பேசுபவரையும்தான் பிடிக்கும். போதகர் தானாகவே பேசுகிறார் என்றால் அவரைத் திருத்த வேண்டியது சபைதான். தனியாகப் போய்ப் பேசாதீர்கள். நிவாரண வேலையில் உங்களோடு அலைந்த பெண்களை அழைத்துக்கொண்டு மூப்பர்களிடம் போங்கள். அதிகாரியிடம் பேசத் தெரிந்தவருக்கு மூப்பர்களிடம் பேசவா தெரியாது?

கடிதத்தில் என்னை உறுத்தியது உங்கள் கணவரின் கேள்விதான். ஒரு காலத்தில் வாக்காளர் எல்லோரும் கேட்க வேட்பாளர் பெயரைச் சொல்லித்தான் வாக்களித்தார். நிலக்காரரும் முதலாளியும் பக்கத்தில் நின்று காதுகொடுப்பார்கள். 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் ரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்தன, பிரிட்டன் 1872-இல் பின்தொடர்ந்தது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் கேட்பார் என்பதை அவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை, பெண்களுக்கு அப்போது வாக்கே கிடையாது. ஒவ்வொருவரும் தேவனுக்குத் தனித்தனியாகக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் சபை போதிக்கிறது. அதை நம்புகிற அப்பா, மகனின் வாக்குக்கு மட்டும் தன்னிடம் கணக்குக் கொடுக்கச் சொல்வது எனக்குப் புரியவில்லை. நீங்கள் வழி தவறிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

மகளின் வேலை தொடரட்டும். பெயர் சேர்க்கும்போது எந்தக் கட்சி, எந்தச் சபை என்று கேட்காமல் சேர்க்கிறாளா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் பேச்சையும் நிறுத்த வேண்டியதில்லை, அது ஜெபத்தோடு கலக்காதவரை. மகனைத் திரும்ப அழைக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல, உங்கள் கணவருடையது. எல்லோர் முன்பும் கேட்டவர், கேட்டது தவறு என்பதையும் எல்லோர் முன்பும் சொல்லட்டும். அதன் பிறகும் வருவதா வேண்டாமா என்பது மகனின் விருப்பம். வந்தால், யாருக்குப் போட்டான் என்பதை நீங்களும் கேட்காதீர்கள்.

அன்புடன்.