புற்றுநோய்த் தடுப்பூசியைத் தோலில் ஒட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, கீமோவும் முடிந்துவிட்டது. ஹெர்2 பாசிட்டிவ் (புற்றுநோய் செல்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகம்) என்பதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். இன்னும் 7 முறை பாக்கி. நரம்பு கிடைக்காமல் மிஸ்ஸி (தாதி) மூன்று நான்கு இடத்தில் குத்த வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி என்றாலே அம்மா அழுகிறார். உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் 'தோலில் ஒட்டும் கேன்சர் தடுப்பூசி' என்று ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறார். ஆறு பட்டை 3,200 வெள்ளியாம். டிரிப்பை நிறுத்திவிட்டு இதை ஒட்டலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: ஒட்ட வேண்டாம். டிரிப்பையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மாவின் குத்து வேதனைக்கு வேறு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உறவினர் மேல் கோபப்படாதீர்கள். அந்த விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. புற்றுநோய்க்கு எதிரான தடுப்பு மருந்தைத் தோல் வழியாகக் கொடுக்கும் ஆராய்ச்சி பல வருடங்களாக நடக்கிறது. ஏன் தோலைத் தேர்ந்தெடுத்தார்கள்? 1868-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலின் மேலடுக்கில் கிளை விரித்த செல்களைப் பார்த்தார். நரம்பு செல் என்று நினைத்துவிட்டார். அவை காவல்காரர்கள் என்று தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது. தோலுக்குள் அந்நியப் பொருள் வந்தால் அதைப் பிடித்து, பக்கத்து நெறிக்கட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களிடம் காட்டிக்கொடுப்பதுதான் இவற்றின் வேலை. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறதே, அந்தப் பாதைதான். வழக்கமாக ஊசி போடும் தசையில் இந்தக் காவல் இவ்வளவு நெருக்கமாக இல்லை.

தோலுக்குள் தடுப்பு மருந்து போடுவது நமக்குப் புதிதும் இல்லை. இங்கே பிறக்கும் குழந்தைக்கு இடது கையில் பி.சி.ஜி. போடுகிறோமே, அது அப்படித்தான். படிக்கிற காலத்தில் ஆரஞ்சுப் பழத்தோலில் குத்திப் பழகினேன். ஊசியைத் தோலை ஒட்டிப் படுக்க வைத்து, முனை மட்டும் நுழைந்ததும் 0.05 மில்லியைத் தள்ள வேண்டும். வெளிறிய சின்னக் கொப்புளம் எழும்பினால் சரி. எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். அழுகிற பிள்ளையின் கையில் இதைச் செய்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும். எல்லார் கைக்கும் ஒரே மாதிரி வராது என்பதும் பட்டைகளைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம்.

ஆனால் வெறும் பட்டை போதாது. தோலின் மேல்புறம் இருக்கும் இறந்த அடுக்கு உடம்பின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், ஏ4 தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதைத் தாண்ட மருந்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். சிகரெட் பழக்கத்தை நிறுத்த ஒட்டும் பட்டையில் இருக்கும் நிக்கோட்டின் 162, எளிதாக நுழைந்துவிடும். அம்மாவுக்கு ஏற்றும் டிராஸ்டுசுமாப் 150,000-ஐ ஒட்டி வரும். தடுப்பு மருந்தின் புரதங்களும் பெரியவைதான். அதனால் நுண்ணூசிப் பட்டை செய்கிறார்கள். டுரியான் தோலை விரல் நகம் அளவுக்குச் சுருக்கியது போல, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்கள். சர்க்கரை அல்லது கரையும் பாலிமரில் செய்த அவை தோலுக்குள் சில நிமிடங்களில் கரைந்து மருந்தை விட்டுவிடும். வலி மிகக் குறைவு. தட்டம்மைத் தடுப்பு மருந்தை இப்படிப் பட்டையில் காம்பியாவில் குழந்தைகளுக்குக் கொடுத்த சோதனையின் முடிவு 2024-ல் வெளிவந்தது, நல்ல முடிவுதான். அது வராமல் தடுக்கும் மருந்து. வந்த புற்றுநோயை எதிர்க்கும் பட்டை எதுவும் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

மார்பகப் புற்றுநோயிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹெர்2 புரதத்தின் ஒரு சிறு துண்டை எடுத்துச் செய்த தடுப்பு மருந்து, பெயர் நியூவாக்ஸ். பி.சி.ஜி. போலவே தோலுக்குள் போட்டார்கள். நோய் திரும்பாமல் தடுக்குமா என்று 758 பெண்களிடம் சோதித்தார்கள். பலன் தெரியாததால் 2016-ல் நிறுத்திவிட்டார்கள்.

வாசல் சரியாக இருந்தும் ஏன் தோற்றது? மருந்து தோல் வழியாகப் போனதா, தசை வழியாகப் போனதா என்பதோடு கதை முடியவில்லை. புற்றுநோய் நம் சொந்த செல். நோய் எதிர்ப்புச் சக்திக்கு அதைப் பகையாகப் பார்க்கவே மனம் வராது. வந்தாலும், கட்டி தன்னைச் சுற்றி டி செல்களைச் சோர்வடைய வைக்கும் சூழலை உண்டாக்கிக்கொள்ளும். ஊசி போட்ட இடமே எதிரியாக மாறுவதும் உண்டு. 2013-ல் வெளியான எலி ஆய்வில், எண்ணெயோடு கலந்து போட்ட தடுப்பு மருந்து டி செல்களை நன்றாகத்தான் உருவாக்கியது. அவை கட்டிக்குப் போகாமல், மருந்து தேங்கிக் கிடந்த இடத்துக்கே திரும்பி வந்து அங்கேயே செத்துப்போயின. என்னைக் கேட்டால், தோல் வழி ஆராய்ச்சியில் கவனிக்க வேண்டியது இதைத்தான். உள்ளே போன பிறகு எவ்வளவு சீக்கிரம் கரைந்து விலகுகிறது என்பதும் முக்கியம்.

இன்று அதிகம் பேசப்படும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பு மருந்து தசையில்தான் போடப்படுகிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த 157 பேரிடம், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்னொரு மருந்தோடு (இம்யூனோதெரபி) சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்புவது அல்லது இறப்பு என்ற ஆபத்து 44 சதவீதம் குறைந்தது. அடுத்த கட்டச் சோதனைகள் நடக்கின்றன. அந்தத் தடுப்பு மருந்து ஒவ்வொருவருடைய கட்டியையும் ஆராய்ந்து, அதிகபட்சம் 34 மரபணு மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒருவருக்காக மட்டும் தயாரிக்கப்படுவது. உங்கள் அம்மாவின் கட்டியைப் பார்க்காமலே ஆறு பட்டையைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறவரிடம் என்ன இருக்க முடியும்? பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாய்ஜாலம் காட்டி விற்பவரைப் பார்த்து 'ஜுவால் கோயோக்' (மருந்துப் பட்டை விற்கிறார்) என்று சிரிப்போமே, அதேதான், விலை மட்டும் கூட.

நம் மலேசியாவில் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதையே 1956-ம் வருட மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. பதிவு பெற்ற மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இருக்கும். பட்டையின் உறையில் அதைத் தேடுங்கள். எண் இருந்தாலும், அதே பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத் தளத்தில் சரிபாருங்கள். 'இது ஆராய்ச்சி மருந்து' என்று சொன்னால், நெறிமுறைக் குழு அனுமதித்த ஒப்புதல் படிவத்தைக் கேளுங்கள். முறையான மருந்துச் சோதனையில் ஆராய்ச்சி மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கமில்லை.

சரி, அம்மாவின் கைக்கு வருவோம். டிராஸ்டுசுமாப் மருந்து தோலுக்கு அடியில் போடும் ஊசியாகவும் இருக்கிறது. 600 மில்லிகிராம், தொடையில், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரத்தக்குழாயைத் தேடவே வேண்டாம். மருந்து பரவ வழிவிடும் ஒரு நொதி அதில் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் அது கிடைக்குமா, அம்மாவுக்கு மாற்றலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். முடியாது என்றால், மார்பில் தோலுக்கு அடியில் வைத்து, அதன் வழியாகவே மருந்து ஏற்றும் கீமோ போர்ட் என்ற சிறு கருவி பற்றிக் கேளுங்கள். ஏழு முறைக்காக வைப்பது தேவைதானா என்று அவர் சொல்வார். அதுவரை, டிரிப்புக்குப் போகும் நாளில் அம்மா நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். குத்துவதற்கு முன் கையை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் ரத்தக்குழாய் கொஞ்சம் எழும்பும். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், அனுபவமுள்ள வேறொரு மிஸ்ஸியைக் கூப்பிடச் சொல்லலாம், அதில் தப்பே இல்லை.

ஒருவேளை அம்மா ஏற்கனவே ஒரு பட்டையை ஒட்டிவிட்டார் என்றால், எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தண்ணீரில் கழுவுங்கள். தடிப்போ கொப்புளமோ வந்தால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்த டிரிப்புக்குப் போகும்போது அதையும் கையில் எடுத்துப் போங்கள்.