நாட்டுப்புறப் பாடல்களிலேயே தன் இசை வாழ்க்கை முழுவதையும் கழித்த இசையமைப்பாளர் யாராவது உண்டா?

உண்டு. வெல்யோ டோர்மிஸ். எஸ்தோனியாக்காரர். 1930இல் பிறந்து 2017இல் மறைந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சேர்ந்திசைப் பாடல்களை எழுதியிருக்கிறார். பெரும்பாலானவற்றில் வாத்தியமே கிடையாது, மனிதக் குரல்கள் மட்டும்தான்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஒரு வசவின் வழியாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய ‘இரும்பின் மீது சாபம்’ என்ற படைப்பைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தோல் மேளம். அதன் மேல் முணுமுணுப்பாகத் தொடங்கிக் கத்தலாக ஏறும் குரல்கள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “யாரை இப்படித் திட்டுகிறார்கள்?” என்று கேட்டார். ஒரு சொல்கூடப் புரியாமலே சரியாகப் பிடித்துவிட்டார்.

1972இல் எழுதப்பட்ட அந்தப் படைப்பு உண்மையிலேயே ஒரு மந்திரம். ஒரு பொருளின் பிறப்பு தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும் என்பது பால்டிக் கடலோர ஃபின்னிய இனங்களின் பழைய நம்பிக்கை. அதனால் பாடகர்கள் இரும்பின் பிறப்பைச் சொல்கிறார்கள். ஃபின்லாந்தின் காவியமான கலேவலாவில் வருகிற கதை அது: கன்னியர் மூவர் தரையில் சொரிந்த பாலிலிருந்து வந்தது இரும்பு. அன்று பாலாகக் கிடந்த நீ இன்று இவ்வளவு திமிர் பிடித்துத் திரிகிறாயே என்ற தொனியில் போகும் பாட்டு, திடீரென நம் காலத்துக்குத் தாவி, பீரங்கி, விமானம், டாங்கி என்று அடுக்கத் தொடங்கும்போது முதுகு சில்லிடும். சோவியத் ஆட்சிக்குள் இருந்துகொண்டு எழுதியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டோர்மிஸின் அப்பா தேவாலயத்தில் ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியத்தை வாசித்தவர், சேர்ந்திசைக் குழுவை நடத்தியவர். மகனும் ஆர்கன் படிக்கத்தான் போனார். சோவியத் ஆட்சியில் அந்த வகுப்பையே மூடிவிட்டார்கள். சேர்ந்திசை நடத்தும் படிப்புக்கு மாறினார். பிறகு மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் இசையமைப்பாளர் ஷெபாலினிடம் படித்து 1956இல் வெளியே வந்தார். ஆர்கன் கைநழுவியது நமக்கு நல்லதாகப் போயிற்று என்றே எனக்குத் தோன்றும். அவருடைய பாடல்களில் அடிக்குரல்கள் நீளமாக நின்று ஒலிப்பதைக் கேட்டால், அந்த ஆர்கனை அவர் மனிதர்களை வைத்துக் கட்டிக்கொண்டது போலிருக்கிறது.

1958இல் கிஹ்னு என்ற சிறிய தீவில் பழைய முறைப்படி நடந்த ஒரு கல்யாணத்தைப் பார்த்தார். எஸ்தோனியரின் பழம்பாட்டு வடிவமான ரெகிலவுல் அங்கே அன்றாட வாழ்க்கையாகவே இருந்தது. அடிக்கு எட்டு அசை. இயைபு கிடையாது, மோனைதான் உயிர். ஒருத்தி ஓர் அடியைப் பாடுவாள். அவள் முடிக்குமுன் மற்றவர்கள் கடைசி அசைகளில் சேர்ந்துகொண்டு அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அடுத்த அடி அதே கருத்தை வேறு சொற்களில் சொல்லும். மெட்டோ மூன்று நான்கு சுரங்களைத் தாண்டாது. இப்படியே நூறு அடிகள் போகும்.

இந்த மெட்டுக்குப் பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிடும் மேற்கத்திய ஒத்திசைவை அள்ளிப் பூசி மேடைக்கேற்ப ‘அழகுபடுத்துவது’தான் மற்றவர்கள் செய்துவந்த வேலை. டோர்மிஸ் அதைச் செய்யவில்லை. மெட்டையும் மொழியையும் தொடாமல் வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள குரல்களின் நிறத்தையும் கனத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டே போனார். நாட்டுப்பாடலை நான் பயன்படுத்தவில்லை, அதுதான் என்னைப் பயன்படுத்துகிறது என்று சொல்லிவந்தார். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஐந்தாவது பாட்டிலேயே அலுத்துவிட்டது, மறைப்பானேன். திரும்பத் திரும்ப வருவது அலுப்பாக இல்லாமல் ஒரு பிடியாக மாற எனக்கு இரண்டு மூன்று வாரம் ஆயிற்று.

எஸ்தோனியப் பாடல்களோடு அவர் நிற்கவில்லை. 1970 முதல் 1989 வரை ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்ற ஆறு தொகுதிகளை எழுதினார்: லிவோனியர், வோட்டியர், இஷோரியர், இங்கிரிய ஃபின்னியர், வெப்சியர், கரேலியர். எல்லாமே எஸ்தோனியத்துக்கு உறவான மொழிகள். பேசுவோர் குறைந்துகொண்டே வந்தவை. லிவோனிய மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2013இல் இறந்தார். அந்த மொழியில் இன்றும் சேர்ந்திசைக் குழுக்கள் பாடுகின்றன என்றால், அதில் டோர்மிஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

2000இல், இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்து நிறுத்திக்கொண்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். இரும்புச் சாபம் வேண்டாம், அது அப்புறம். டோனு கால்யுஸ்டே நடத்த, எஸ்தோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் சேர்ந்திசைக் குழு பாடிய ‘மறக்கப்பட்ட மக்கள்’ ஒலிப்பதிவில் லிவோனியத் தொகுதியை எடுங்கள். முதல் பாட்டு வசந்தகாலத்தில் பறவைகளைத் துயிலெழுப்பும் பாட்டு. நாலாவது ஒரு சுண்டெலியைப் பற்றியது. எங்கள் வீட்டில் அதற்குத்தான் செல்வாக்கு அதிகம், அம்மாவிடம் உட்பட.