கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது ஏன்?

போலீஸ் ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு தரும் உரிமை இது. பிடித்தவர்களே அடைத்து வைக்கலாமா என்பதையும் முடிவு செய்யக் கூடாது. அடித்தார்களா, கைதுக்குக் காரணம் சொன்னார்களா என்று வேறொருவர் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும்.

பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. புதுச்சேரியில் பிடித்துக் கடலூருக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்; அதைச் சொல்லி அரை நாளைக் கழிக்க முடியாது. ஞாயிறு, பொங்கல் விடுமுறையிலும் கணக்கு ஓடும். மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள். குண்டர் சட்டம் போன்றவற்றில், குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே அடைத்து வைக்கும் தடுப்புக் காவலுக்கு இந்த விதி பொருந்தாது.

சிக்கல் வருவது கைது செய்யும்போது போலீஸ் எழுதும் கைதுக் குறிப்பில்தான். நகையை அடகு வைத்தால் ரசீதில் தேதியும் எடையும் பார்க்காமல் வருவோமா? இதையும் அப்படிப் பாருங்கள். தேதி, நேரம், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ போட்ட சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு அழைத்துப் போய் இரவு 8 மணி என்று எழுதினால் 11 மணி நேரம் காணாமல் போய்விடும். அதனால் அழைத்துப் போன நேரத்தை வீட்டார் அப்போதே குறித்து வக்கீலிடம் கொடுங்கள். கைதானவரும் மாஜிஸ்திரேட்டிடம் அந்த நேரத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

24 மணி நேரம் முடிந்தால் விட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மாஜிஸ்திரேட் ஒரு தடவைக்கு 15 நாள் வரை ரிமாண்ட் செய்யலாம், அதாவது காவலில் வைக்க உத்தரவிடலாம்.