குளக்கரைச் சரிவுள்ள தோட்டத்துக்கு ஜீரோ-டர்ன் புல்வெட்டி ஏற்றதா?

கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் புல்தரையும், அதில் ஆங்காங்கே இருபதுக்கும் மேற்பட்ட மரங்களும் இருக்கின்றன. பின்பக்கத்தில் தரை ஒரு குளத்தை நோக்கிச் சரிகிறது. பின்பக்கம் செல்வதற்கு 48 அங்குல அகலமுள்ள கேட் ஒன்றுதான் வழி. இத்தனை காலம் தள்ளிக்கொண்டே நடக்கும் புல்வெட்டியை வைத்துச் சமாளித்தேன். இனி உட்கார்ந்து ஓட்டும் ஜீரோ-டர்ன் ஒன்றை வாங்கலாம் என்று நினைக்கிறேன். 60 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டும் பகுதி) உள்ளதை எடுத்தால் வேலை விரைவில் முடியும் என்று கடையில் சொல்கிறார்கள். எழுபது வயதான என் தந்தையும் அதை ஓட்ட விரும்புகிறார். எட்டு வயது மகனோ தானும் கூட உட்கார்ந்து வருவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன குளக்கரைச் சரிவிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. டெக்கின் அகலம், என்ஜினின் திறன், இருக்கையின் வசதி ஆகியவற்றில் தவறினால் பணமோ நேரமோதான் வீணாகும். சரிவைத் தவறாகக் கணித்தால் உயிருக்கே ஆபத்து. அதற்குக் காரணம் இந்த இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஜீரோ-டர்ன் புல்வெட்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷனால், அதாவது என்ஜினின் விசையை எண்ணெய் அழுத்தத்தின் மூலம் சக்கரத்துக்குக் கடத்தும் அமைப்பால், இயங்குகின்றன. இடது லீவர் இடது சக்கரத்தையும் வலது லீவர் வலது சக்கரத்தையும் கட்டுப்படுத்தும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். முன்சக்கரங்களோ அலுவலக நாற்காலியின் அடியில் இருப்பவற்றைப் போல இழுத்த பக்கம் உருள்பவை. அவற்றுக்குத் திருப்பும் வேலையும் இல்லை, நிறுத்தும் வேலையும் இல்லை. ஆகவே ஓட்டம், திருப்பம், நிறுத்தம் ஆகிய மூன்றும் பின்சக்கரங்கள் தரையைப் பற்றியிருப்பதையே நம்பியிருக்கின்றன. ஈரப் புல்லில் அந்தப் பிடி விட்டுப்போனால் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். வண்டி சரிவு போகும் பக்கமே போகும், உங்கள் சரிவோ குளத்துக்குப் போகிறது. காய்ந்திருப்பதாக நம்பி ஒரு சரிவில் இறங்கி, வண்டியின் முன்பகுதி லீவருக்குக் கட்டுப்படாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியதை நானே உணர்ந்திருக்கிறேன். சமதரை அருகிலேயே இருந்ததால் தப்பினேன். அதனால்தான் இதில் கண்டிப்பாக எழுதுகிறேன்.

கண்ணால் பார்த்துச் சரிவை மதிப்பிடாதீர்கள்; அளந்து பாருங்கள். சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின் ஒரு முனையைச் சரிவில் ஊன்றி, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, பலகை மட்டமாகும் வரை மறுமுனையை உயர்த்துங்கள். உயர்த்திய முனைக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரம் ஏறத்தாழ 27 செ.மீ. என்றால் சரிவு 15 டிகிரி, 17.5 செ.மீ. என்றால் 10 டிகிரி. பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 15 டிகிரியை மேல்வரம்பாகச் சொல்கின்றன. சில 10 டிகிரியிலேயே நிறுத்திக்கொள்கின்றன. நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் கையேட்டைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள். ஒரே சரிவில் பல இடங்களில் அளப்பதும் அவசியம், ஏனெனில் கரையை நெருங்க நெருங்கத் தரை திடீரென்று செங்குத்தாவது வழக்கம்.

அளவு வரம்புக்குள் இருந்தாலும் நீர்விளிம்பை ஒட்டி இந்த வண்டியை ஓட்டக் கூடாது. வண்டியின் அகலத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இடைவெளி விடும்படி சில கையேடுகள் சொல்கின்றன. ஈரமண் கரையாக இருந்தால் நான் இன்னும் கூடுதலாகவே விடுவேன். இதுவரை உழைத்த தள்ளும் புல்வெட்டியை விற்றுவிடாமல், அந்தப் பட்டையை மட்டும் அதைக்கொண்டு வெட்டுங்கள். பின்பக்கத்தின் பெரும்பகுதியே வரம்பைத் தாண்டுகிறது என்று அளவு சொன்னால், ஜீரோ-டர்ன் உங்களுக்கு உரியதன்று என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். முன்சக்கரங்களால் திரும்பும் டிராக்டர் வகை சரிவில் சற்று அடங்கி நடக்கும் என்றாலும், அதற்கும் ஏறத்தாழ இதே 15 டிகிரி வரம்புதான்.

சரிவு சிறு பகுதிதான் என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன். அப்படியானால் இருபதுக்கும் மேற்பட்ட மரங்களுள்ள உங்கள் தரைக்கு ஜீரோ-டர்ன் மிகவும் பொருத்தமானது. டிராக்டர் வகையில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிய பின் விட்டுப்போன புல்லுக்காகப் பின்வாங்கி மறுபடி வர வேண்டியிருக்கும். இதில் அடிமரத்தை ஒட்டி ஒரே சுற்றில் முடித்துவிடலாம்.

அடுத்தது 60 அங்குல டெக். கடைக்காரர் சொல்வது திறந்த மைதானத்துக்குப் பொருந்தும், உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது. முதலாவதாக, அது உங்கள் கேட்டில் நுழையாது. இரண்டாவதாக, மிச்சமாகும் நேரம் நினைக்கும் அளவுக்கு இல்லை. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில், திருப்பங்களுக்கும், ஏற்கெனவே வெட்டிய பட்டையின் ஓரத்தில் மறுபடி படிவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்கிட்டால், ஒன்றரை ஏக்கரை 42 அங்குல டெக் ஏறத்தாழ 53 நிமிடங்களிலும், 54 அங்குல டெக் 41 நிமிடங்களிலும், 60 அங்குல டெக் 37 நிமிடங்களிலும் வெட்டும். நீங்கள் இப்போது தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டி 21 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நடை வேகத்தில் அதற்கு இதே வேலை ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி ஒரு மணிக்கும் கீழே வருவதுதான் பெரிய லாபம்; அதற்கு மேல் கிடைக்கும் பதினாறு நிமிடங்களுக்காக நுழையாத வண்டியை வாங்க வேண்டியதில்லை. தவிர, மேடுபள்ளமான தரையில் அகலமான டெக் ஒரு முனையில் மேட்டை மண் தெரிய வழித்துவிட்டு மறுமுனையில் பள்ளத்துப் புல்லைத் தொடாமலே போகும்.

எனவே உங்களுக்கு 42 அங்குலம். டெக்கின் அளவாகச் சொல்லப்படுவது வெட்டும் அகலம் மட்டுமே என்பதை மறவாதீர்கள். வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் தள்ளும் மூடி அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மடக்கினால்தான் 48 அங்குல கேட்டில் வண்டி நுழையக்கூடும். டேப்பை எடுத்துச் சென்று மூடியை மடக்கிய நிலையில் மொத்த அகலத்தையும், பின்சக்கரங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்டைத் தாண்டியதும் மூடியை மறுபடி கீழே இறக்கிய பிறகே பிளேடுகளை ஓடவிட வேண்டும், ஏனெனில் வெளியே எறியப்படும் கல்லைத் தடுப்பது அதுதான்.

டெக் இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. ஒரே தகட்டை அழுத்தி வடிவமைத்தது இலேசானது, விலையும் குறைவு. கனத்த தகடுகளை வெட்டி வெல்டிங் செய்தது வேர், கல் முதலியவற்றின் அடியைத் தாங்கும். தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள், எண் சிறுத்தால் கனம் கூடும்: 12 கேஜ் ஏறத்தாழ 2.7 மி.மீ., 10 கேஜ் ஏறத்தாழ 3.4 மி.மீ. மரவேர்கள் மேலெழுந்து நிற்கும் உங்கள் தரைக்கு வெல்டிங் செய்த டெக்கையே நான் பரிந்துரைப்பேன்.

கூடுதல் பணம் இருந்தால் அதை என்ஜினின் குதிரைத்திறனில் போடாமல் டிரான்ஸ்மிஷனில் போடுங்கள். வீட்டு உபயோகத்துக்கான வண்டிகளில் இறுதியில் பெரும் செலவு வைப்பது பெரும்பாலும் இந்தப் பகுதிதான், கடையிலோ இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொடக்கநிலை மாடல்களில் அது மூடி முத்திரையிடப்பட்டதாக வரும். எண்ணெய் மாற்றுவதற்கென வசதி இருக்காது, தேய்ந்தால் முழுவதையும் மாற்ற நேரலாம். சற்று மேலான வகைகளில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றத்தக்கவை. ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் இசட்டி-2800 இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எந்த மாடலில் எந்த டிரான்ஸ்மிஷன் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிளேடைச் சுழற்றும் ஸ்பிண்டில்களுக்குக் கிரீஸ் வைக்க முடிகிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

பெட்ரோலா பேட்டரியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பேட்டரி வண்டியில் சத்தம் குறைவு, என்ஜின் எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் ஒரு சார்ஜில் இத்தனை ஏக்கர் என்று அச்சிடப்படும் எண் சமதரையில், காய்ந்த குட்டைப் புல்லில் கிடைப்பது என்பதால், உங்கள் ஒன்றரை ஏக்கருக்குக் குறைந்தது இரண்டு ஏக்கர் எனச் சொல்லப்பட்டதை எடுப்பதே பாதுகாப்பு. பெட்ரோல் வண்டியானால், மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதற்கு முன் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை அதில் கலக்கத் தவறாதீர்கள்.

வாங்கிய பிறகு முதல் சில வாரங்கள் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். திரும்பும்போது ஒரு சக்கரத்தை முழுக்க நிறுத்திவிட்டு அதன் மீதே வண்டியைச் சுழற்றினால் அந்த இடத்தில் புல் வட்டமாகப் பிய்ந்துவரும். இரு சக்கரங்களும் உருண்டுகொண்டே இருக்கும்படி, சற்றுப் பின்வாங்கி முன்செல்லும் திருப்பமாகப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனைப் பற்றி: ஒரு முறைகூட, பிளேடு ஓடாத நிலையிலும்கூட, மடியில் உட்கார வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை ஏற்றிச் சென்ற குழந்தை மறுமுறை சத்தம் கேட்டதும் தானாகவே வண்டியை நோக்கி ஓடிவரும். பின்வாங்கும் வண்டியில் இருப்பவருக்கு அது தெரியாமல் போகும். இப்படித்தான் குழந்தைகள் கால்களை இழக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அகாதமி, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்குக் குறைந்தபட்ச வயது 16 என்று பரிந்துரைக்கிறது. வெட்டும் நேரத்தில் மகன் வீட்டுக்குள், பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்கட்டும்.

தந்தையை வாங்குவதற்கு முன்பே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் யார் துணையுமின்றி ஏறி இறங்கட்டும், லீவர்களைப் பிடித்து அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். முதுகு வலித்தால் ஸ்பிரிங் உள்ள இருக்கையைக் கேளுங்கள். இரு கைகளையும் தனித்தனியாக இயக்குவது சிலருக்கு எந்த வயதிலும் கைவருவதில்லை, அது குறையும் அல்ல. அவருக்கு அது கடினமாகத் தெரிந்தால், ஸ்டியரிங் சக்கரம் பொருத்தி முன்சக்கரங்களும் சேர்ந்து திரும்பும் ஜீரோ-டர்ன் மாடல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வகையானாலும், பின்பக்கத்தில் நீங்கள் அளந்து வைத்த வரம்பில் நான்கைந்து குச்சிகளை ஊன்றி, அவற்றைத் தாண்ட வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.